நண்பனிடம் வேதம் பேசலாமா?

விடுதியில் கிறிஸ்தவ மாணவன் ஒருவன் தன் விசுவாசத்தைப் பற்றி வாய் திறந்தால் போதும், “மதம் மாற்றப் பார்க்கிறானோ?” என்ற சந்தேகம் எழுந்துவிடுகிறது. அதற்கு அஞ்சிப் பலர் பேசுவதே இல்லை. வேறு சிலரோ நண்பனின் குலதெய்வத்தைப் பேய் என்று சொல்லும் அளவுக்குப் பேசிவிடுகிறார்கள். இரண்டுமே நட்புக்கு அழகல்ல என்பது என் கருத்து.

நான் திரிங்காப்பில் வளர்ந்த கிறிஸ்தவன். தமிழ்ப்பள்ளியில் என் வகுப்பில் வேதக்கார வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர்தான். தீபாவளிக்கு நண்பர்கள் வீட்டு முறுக்கு எங்கள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக் கேக் அங்கே போகும். ஆனால் சாமியைப் பற்றி மட்டும் யாரும் பேசியதில்லை. தேசிய இடைநிலைப்பள்ளியிலும் நன்னெறிக் கல்வியின் பண்புகளைத் தேர்வுக்காக மனனம் செய்தோமே தவிர, ஒருவர் நம்பிக்கையை மற்றவர் கேட்டறியவில்லை. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, மலேசிய இந்தியரில் நூற்றுக்கு 86 பேர் இந்துக்கள், 6 பேர் கிறிஸ்தவர்கள். ஒரே மொழி பேசும் நமக்குள் இவ்வளவு மௌனம் தேவையா?

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு, சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதைச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்பதும் அதே பிரிவில் உண்டு. எனினும், சட்டம் அனுமதிப்பதை எல்லாம் நட்பு அனுமதித்துவிடாது.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு சமயம் பரப்பவே வந்தவர். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். தமிழர் வழிபாட்டைக் குறை கூறவும் செய்தார். ஆயினும் அவர் வெறுமனே போதித்துக்கொண்டிருக்கவில்லை. தெய்வங்கள், வழிபாடு, வாழ்க்கைமுறை பற்றித் தமிழர்களிடம் கடிதம் வழியே கேள்விகள் கேட்டார். வந்த பதில்கள் ஜெர்மன் மொழியில் அச்சேறின. தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூலே எழுதினார். அது 1867இல்தான் சென்னையில் அச்சானது. முன்பின் அறியாத ஊரில் அவர் கேட்டறிந்த அளவுக்காவது, ஒரே அறையில் தங்கும் நண்பனிடம் நாம் கேட்டிருக்கிறோமா?

சமயம் மாறினால் தமிழ் போய்விடும் என்று அஞ்சுவோருக்கு, வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையை நினைவூட்ட விரும்புகிறேன். 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தைத் தந்தவர் அவர்.

கிறிஸ்தவ நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, அழைப்பில் ஒளிவுமறைவு வேண்டாம். விருந்து என்று அழைத்துச் சென்று ஜெபக்கூட்டத்தில் உட்கார வைத்தால், மறுநாள் நாம் சொல்லும் எதையும் நண்பன் நம்பமாட்டான். இரண்டாவது, அவன் துவண்டிருக்கும் நேரத்தைப் பயன்படுத்தக் கூடாது. தேர்வில் தோற்றவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்போம். தாயின் மருத்துவச் செலவுக்குத் தவிப்பவனுக்கு முடிந்ததைக் கொடுப்போம். அந்த உதவியோடு வேதத்தையும் சேர்த்து நீட்டினால், வாங்குபவனுக்கு மறுக்கும் சுதந்திரம் எங்கே இருக்கிறது? மூன்றாவது, “வேண்டாம்” என்று அவன் சொன்னால் பேச்சு அதோடு நிற்கட்டும். மறுநாள் வழக்கம்போல ஒன்றாகவே பசியாறப் போவோம்.

இந்து நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். எங்களை நாங்கள் நம்புவது என்ன என்று தாராளமாகக் கேளுங்கள். நீங்கள் ஏன் விரதம் இருக்கிறீர்கள், தைப்பூசத்தில் ஏன் காவடி எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நான் பேசுவது மட்டும் பகிர்வாகிவிடாது; உங்கள் பதிலுக்கும் அதில் பாதி இடம் உண்டு.

என் வாழ்வில் எனக்கு மிகப் பெரியது எதுவோ, அதை என் உயிர் நண்பனிடம் கடைசிவரை சொல்லாமலே இருந்தால் அது என்ன நட்பு? சொன்னபின் அவன் தன் கோயிலுக்கே போனாலும் என் நண்பனாகவே இருப்பான் என்ற உறுதி எனக்குள் இருக்கிறதா? அந்த உறுதி இருப்பவர் தயங்காமல் பேசலாம். இல்லாதவர் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பதே நல்லது.