தலையில்லா இறால்

கானடா தேசத்து மேற்கு மலைகளில், கடல் ஜந்துக்களின் உருவம் பதிந்த கற்பாளங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. சுமார் 50 கோடி வருஷங்களுக்கு முன் அங்கே மலை ஏது? கடல்தான் இருந்தது. அக்கடலில் திரிந்த ஒரு பிராணிக்குப் பெயர் சூட்டிய வேடிக்கையை நேயர்கள் அவசியம் கேட்க வேண்டும்.

1892-ல் வைட்டீவ்ஸ் என்னும் அறிஞர், முட்களோடு கூடிய வளைந்த துண்டு ஒன்றைக் கண்டு, தலை போன இறாலின் உடல் என்று தீர்மானித்தார். 'அனோமலோகாரிஸ்', அதாவது விசித்திர இறால் என்று நாமகரணமும் ஆயிற்று. 1911-ல் அமெரிக்கரான வால்காட், நடுவே துளையிட்ட அன்னாசி வில்லை போன்ற ஒன்றை ஜெல்லி மீன் என்றார். நசுங்கிய உடல் ஒன்றைக் கடல் அட்டை என்றார். 1978-ல் வேறோர் அறிஞர், அது கடல் அட்டையே அல்ல, கடற்பஞ்சு. அதன் மேல் ஜெல்லி மீன் படிந்துவிட்டது என்று ஸமாதானம் சொன்னார்!

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் விட்டிங்டன் ஒரு கல்லின் மேலேட்டை மெல்லப் பெயர்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இறால் என்றது தலையிலிருந்து நீண்ட கை, ஜெல்லி மீன் என்றது வாய், மற்றது உடல். 1985-ல் அவரும் பிரிக்ஸும் இதை வெளியிட்டனர். துதிக்கையை மட்டும் கண்டெடுத்து, யானையைப் பாம்பு என்று பதிவு செய்த கதைதான்! (வால்காட் கண்ட வாயும் உடலும் நெருங்கிய உறவான வேறோர் இனத்தைச் சேர்ந்தவை என்று பின்னர் பிரித்தார்கள்.)

ஆனால் இந்த ஜந்துவின் பெருமை அதன் கோரரூபத்தில் இல்லை என்பது நமது அபிப்பிராயம். நண்டு, தேள், ஈ, கரப்பான் ஆகிய கணுக்காலிகளின் வம்சாவளியில் இதற்கு ஓரிடம் உண்டு. நேர்ப் பாட்டன் அல்ல. பாட்டனுக்கும் முன்பே பாகம் பிரிந்து போன தாயாதி. கைகளில் மட்டும் கணுக்கள் உண்டு. உடலோ மிருதுவானது, நடக்கக் கால்கள் இல்லை, நீந்துவதற்கு மடல்களே உண்டு. ஆயினும் கண்ணைப் பாருங்கள்! ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் கிடைத்த கண்ணொன்றில் 16,000-க்கு மேற்பட்ட சில்லுகள் இருந்தன என்று 2011-ல் அறிவித்தார்கள். ஈயின் கண் போன்ற கூட்டுக் கண், உடற்கவசமும் நடைக்காலும் வருமுன்பே வந்துவிட்டது என்று இதனால் விளங்குகிறது.

காலின் கதையும் சுவையானது. கணுக்காலிகள் பலவற்றில் கால் அடியில் ஒன்றாய்த் தொடங்கி, நடக்க ஒரு கிளை, செவுளுக்கு ஒரு கிளை என இரண்டாகப் பிரிகிறது. மொராக்கோவில் கிடைத்து 2015-ல் விவரிக்கப்பட்ட, சுமார் 48 கோடி வருஷத்துத் தாயாதி ஒன்றின் உடலில் மேல் வரிசை, கீழ் வரிசை என மடல்கள் தனித்தனியாகவே இருக்கின்றன. ஆதியில் வெவ்வேறாயிருந்தவையே பின்னால் ஒரே காலாக இணைந்தன என்று அதை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். ஆறடிக்கு மேல் நீண்ட அந்தப் பூதம் எவரையும் வேட்டையாடவில்லை. கைகளிலிருந்த சீப்புகளால் கடல்நீரைச் சலித்து, நுண்ணிய உயிர்களைத் தின்று காலம் கழித்தது.