‘100 போர்டுதான் சார் போட்டிருந்தது’ - கரும்பு டிராக்டர், நெடுஞ்சாலை, நம்ம வேகம் (இழை)

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் கிளாஸ்மேட் லீவுக்கு காருக்குப் பின்னாடி கேரவன் மாட்டிக்கிட்டு குடும்பத்தோட கிளம்பினான். போன்ல ஒரே புலம்பல். மோட்டார்வேல காருக்கு மணிக்கு 70 மைல், அதாவது 112 கி.மீ. போகலாம். கேரவன் இழுத்தா 60 மைல், 96 கி.மீ.தான். மூணு லேன் ரோட்ல வலது ஓர லேனுக்குள்ள நுழையவே கூடாது. "கார் அதே கார்தானேடா?"ங்கறான்.

கார் அதேதான். பின்னாடி வர்றது வேற. அது ஆடும், தள்ளும், பிரேக் அடிச்சா லேசில் நிக்காது. 750 கிலோவுக்கு மேல எடை தாங்கற டிரெய்லர்னா அதுக்குத் தனியா பிரேக் இருக்கணும்னு அங்க சட்டமே இருக்கு.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. நான் வேலை பார்க்கறது கரும்பு விளையற பகுதியில, நாலுவழிச் சாலை பக்கத்துல இருக்கற ஒரு அரசு மருத்துவமனை. அரவை சீசன் ஆரம்பிச்சா எங்க கேஷுவாலிட்டிக்கும் சீசன்.

ஒரு ஜனவரி ராத்திரி, மணி மூணரை இருக்கும். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரங்களை மாத்தியிருக்கேன்.) 108-ல ஒருத்தரை இறக்கறாங்க. கார், கரும்பு டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னாடி போய் சொருகிடுச்சு. மோதிடுச்சுன்னு சொல்லல, கவனிங்க. சொருகிடுச்சு.

டிரெய்லரோட தட்டு கார் பானட்டை விட உயரம். பானட் அடியில நுழைஞ்சிடும். அடியை வாங்கிக்கிட்டு நசுங்கறதுக்குன்னே காரோட முன்பகுதியைக் கட்டியிருக்காங்க. அது எதையும் வாங்கறதுக்கு முன்னாடி இரும்புத் தட்டும் கரும்பு நுனியும் கண்ணாடியை உடைச்சு நேரா முகத்துக்கு வந்துடும். அஞ்சு ஸ்டாரோ ஏர்பேக்கோ இந்த இடத்துல பெருசா கைகொடுக்காது. அவருக்கு முகத்து எலும்பு நொறுங்கியிருந்தது, வாய் முழுக்க ரத்தம். அந்த நிலையில மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போடறது எவ்வளவு கஷ்டம்னு டூட்டி டாக்டர்களுக்குத் தெரியும். போட்டோம். மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். பிழைச்சார். ஒரு கண் போச்சு.

பின் சீட்ல வந்த அவரோட தம்பிக்குக் கைல முறிவு. திரும்பத் திரும்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "100 போர்டுதான் சார் போட்டிருந்தது. நாங்க ஓவர் ஸ்பீடே இல்ல."

பொய் இல்ல. 2018-ல ஒன்றிய அரசு வரம்பை ஏத்தினப்ப காருக்கு நாலுவழிச் சாலையில 100, எக்ஸ்பிரஸ்வேல 120னு வச்சாங்க. 2021-ல சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து பண்ணுச்சு. அப்பவும் நாம காருக்கு எவ்வளவுன்னுதான் பேசினோம். அதே ரோட்ல முன்னாடி 20-ல போறது எதுன்னு பேசல.

கொஞ்சம் கணக்கு. டிம் லைட்ல விளக்கில்லாத டிரெய்லர் 60 மீட்டர்ல தெரியுதுன்னு வைப்போம். இதுவே தாராளம். நீங்க 100, டிராக்டர் 20. வித்தியாசம் 80, நொடிக்கு 22 மீட்டர். கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி. அதுலயே 33 மீட்டர் காலி. மிச்சம் 27. அந்த 80-ஐக் குறைக்க காஞ்ச ரோட்ல முழு பிரேக் போட்டாலும் 35 மீட்டர் வேணும்.

அதே கார் 80-ல வந்திருந்தா? வித்தியாசம் 60. யோசிக்க 25 மீட்டர், பிரேக்குக்கு 20 மீட்டர். 15 மீட்டர் மிச்சம். டிரைவர் ரெண்டு கெட்ட வார்த்தை சொல்லிட்டு ஓவர்டேக் பண்ணிப் போயிருப்பார். டயர் பஞ்சராகி டிரெய்லர் ரோட்டோரம் நின்னா 80-ம் பத்தாது. 60-க்கு வரணும்.

உடனே "டிராக்டர்காரனை உள்ள தூக்கிப் போடுங்க"ன்னு கமெண்ட் வரும். அந்தப் பையனும் அன்னைக்கு எங்க வாசப்படியில உக்காந்திருந்தான். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். "பொழச்சிடுவாரா சார்?"னு போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு இருந்தான். கட்டிங் ஆர்டர் வந்தா வெட்டணும். வெட்டின கரும்பு காயக் காய எடை குறையும், காசு குறையும். ஆலை வாசல்ல மணிக்கணக்கா வரிசை. தூக்கமில்லாம ராத்திரி ஓட்டறான். டிரெய்லர்ல டெயில் லைட் இருந்தாலும் தொங்கற கரும்பு மறைச்சிடுது. பிரேக் பல டிரெய்லர்ல கிடையவே கிடையாது.

பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கணும்னு சட்டத்துல இருக்கு. யார் பார்க்கறா? எடை மேடையில ஒவ்வொரு வண்டியையும் கிலோ கணக்கா பார்க்கற ஆலைக்கு, அதே வண்டியில ரிஃப்ளெக்டர் ஒட்டியிருக்கான்னு பார்க்க முடியாதா? ஒட்டலைன்னா டோக்கன் கிடையாதுன்னு சொல்லிப் பாருங்க, ஒரே வாரத்துல எல்லா வண்டியும் மின்னும். ஒரு வண்டிக்கு ஆகிற ஸ்டிக்கர் செலவு, அந்த ராத்திரி நாங்க எடுத்த ஒரு சிடி ஸ்கேன் செலவு கூட வராது.

"விவசாயி வயித்துல அடிக்காதீங்க டாக்டர்"னு போன வருஷமே ஒருத்தர் சொன்னார். அய்யா, எங்க அப்பாவும் விவசாயிதான். ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னா வயித்துல அடிக்கறதா? கேஸ்னு வந்தா அந்தப் பையன்தானே கோர்ட்டுக்கு அலையறான், ஆலை மேனேஜரா?

நெடுஞ்சாலைத் துறைக்கு: கரும்பு வண்டி ஏறி இறங்கற ஊர்கள் எதுன்னு உங்களுக்குத் தெரியும். சீசன் முடியற வரைக்கும் அந்த இடங்கள்ல ராத்திரி 60னு போர்டு வைங்க. பகல் நேரத்து 100-ஐ ராத்திரிக்கும் அப்படியே விட்டுட்டு, மோதினப்புறம் ‘ஓட்டுநர் கவனக்குறைவு’ன்னு எழுதறது என்ன நியாயம்?

கார் வச்சிருக்கற நீங்க: 100னு போட்டிருந்தா அதுக்கு மேல போகாதேன்னு அர்த்தம். 100-லயே போன்னு இல்ல. பொங்கலுக்கு ஊருக்கு ராத்திரி கிளம்பறீங்கன்னா 80 தாண்டாதீங்க. விளக்கில்லாம டிரெய்லர் நிக்கறதைப் பார்த்தா, தாண்டிப் போய் பாதுகாப்பா வண்டியை ஓரங்கட்டிட்டு 1033-க்கு அடிங்க. நெடுஞ்சாலை உதவி எண் அது. கிலோமீட்டர் கல் நம்பரைச் சொல்லுங்க.

நாளைக்கு நைட் டூட்டி. ஆலை திறந்து ஒன்பது நாள் ஆச்சு.