கடவுச்சொல் இல்லா விருந்தினர்
வீட்டுக் கணினிகளை ஒரே வலையில் இணைப்போர் பலர், பொதுக் கோப்புறையை விருந்தினர் எவரும் கடவுச்சொல்லின்றித் திறக்குமாறு விட்டுவிடுகின்றனர். ஆசிரியரின் வினாத்தாளும் களப்பணியாளரின் அளவைக் குறிப்பும் அதிலேயே கிடத்தல் கூடும். வருபவர் யாரென அறிய இயலாமை வெளிப்படையான குறை. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. விருந்தினர் தொடர்பில் செல்லும் செய்திகளுக்கு இலக்கக் கையொப்பமும் இல்லை, சங்கேதப் பாதுகாப்பும் இல்லை. ஆதலின் இடையில் நிற்கும் போலிக் கணினி கோப்பை மாற்றித் தந்தாலும் பெறுபவர் அறியார். 2017இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10இன் சில பதிப்புகளில் இத்தொடர்பை இயல்பிலேயே தடுத்தது. அத்தடையை நீக்கும் உபாயத்தைத் தேடி அலைவது, சாவி செய்யச் சோம்பிக் கதவையே கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும். குடும்பத்தினர்க்கு ஒரு கணக்கும், ஏனையோர்க்குப் படிக்கும் உரிமை மட்டுமுள்ள வேறொரு கணக்கும் அமைக்கச் சில நிமிடங்களே பிடிக்கும். கடவுச்சொல்லை ஏற்காத பழைய ஸ்கேனர் இருப்பின், அதற்கென வெறுங் கோப்புறை ஒன்றை ஒதுக்கி, வந்த படங்களை அன்றன்றே அப்புறப்படுத்துதல் தகும்.