சங்கும் கோபுரமும்



குரங்கணியில் ஜீப்பை விட்டு இறங்கி, சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறுங்கள். அடிவாரத்து அறிவிப்புப் பலகையில் கோபுரம். முகட்டைத் தாண்டினால் இரண்டு யானைகள் காவல் நிற்கும் சங்கு. ஒரே நடையில் இரண்டு அரசுச் சின்னங்கள்!

சங்கு, திருவிதாங்கூரிலிருந்து கேரளத்துக்கு வந்த சொத்து. 1750-ல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்து, தன்னைப் பத்மநாப தாசர் என்று அறிவித்துக்கொண்டார். 1888-ல் திருவிதாங்கூர் வெளியிட்ட முதல் அஞ்சல் தலையில்கூட ராஜா முகம் கிடையாது, சங்குதான். மூணாறு தேயிலை ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்த காலத்தில், பெட்டி புறப்பட்டது சங்கின் ஆட்சியில், வந்து சேர்ந்தது மெட்ராஸ் ராஜதானியில்.

நம் சின்னத்தை 1949-ல் வரைந்தவர் மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். முன்னால் அசோகச் சிங்கங்கள், இருபுறமும் தேசியக்கொடி, பின்னால் கோபுரம். புலி, மீன், வில் என்று மூவேந்தர் சின்னங்கள் கைவசம் இருந்தும் அவற்றைத் தொடவில்லை. நல்லதாகப் போயிற்று. புலியை வைத்திருந்தால் பாண்டிய நாட்டார் சும்மா விட்டிருப்போமா? ஆனாலும் அது எந்த ஊர்க் கோபுரம் என்ற வழக்கு ஓயவில்லை. பதினோரு நிலை எங்களுடையது என்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர். வரைந்தவரே மீனாட்சி கோயில் மேலக்கோபுரத்தைத்தான் சொன்னார் என்கிறது மதுரை. 1996 வரை மதுரை மாவட்டத்தில் இருந்த போடிக்காரன் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்!

அக்கம்பக்கத்து ஊர்கள் சின்னத்திலேயே மல்லுக்கட்டுவது ஜெர்மனியிலும் உண்டு. ஹாம்பர்க்கின் சின்னம், சிவப்புப் பின்னணியில் வாசல் சாத்திய வெள்ளைக் கோட்டை. ஒட்டியிருந்த ஆல்டோனாவுக்கும் கிட்டத்தட்ட அதே கோட்டைதான், ஆனால் வாசல் திறந்திருக்கும். 1664-ல் டென்மார்க் மன்னரிடம் நகர உரிமை பெற்று, யூதர்களையும் பிற சபைக்காரர்களையும் குடியேறவிட்ட ஊர் அது. 1930-களின் கடைசியில் ஹாம்பர்க்கோடு சேர்த்துவிட்டார்கள். திறந்த வாசல் மட்டும் ஆல்டோனாவின் அடையாளமாக இன்னும் நிற்கிறது.

நம் மலையில் அந்த வாசலைத் திறந்துவைத்திருப்பவர்கள், விடியுமுன் போடிமெட்டு ஏறும் ஜீப்புகளில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள். ரேஷன் அட்டை கோபுரத்துடையது, கூலி சங்குத் தேசத்துடையது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் சங்கு முத்திரையிட்ட பழைய கடிதமோ பத்திரமோ கிடந்தால், படம் எடுத்து அனுப்புங்கள். பெயர், சர்வே எண்ணை மறைத்துவிடுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்