ஏணையும் ஓசையும்

கைக்குழந்தை கண்ணயர்ந்துவிட்டால் அவ்வீட்டார் படும் பாட்டைக் கண்டு நகையாதிருத்தல் அரிது. கிணற்றுக் கப்பி கீச்சிடலாகாது. அடுக்களையில் சட்டிமூடி அசையலாகாது. முற்றத்திலே பிள்ளைகள் சிரிக்கவும் ஆகாது. இத்தனை காவலையும் மீறிக் குழந்தை வீறிட்டு எழுமாயின், பழி முழுவதும் பெற்றவளின் தலைமீதே விழுகின்றது. "பிள்ளையை நித்திரையாக்கத் தெரியாதவள்" என்று மாமியார் சொல்ல, பல இரவுகள் கண்விழித்துக் களைத்த அவள் தலைகுனிந்து நிற்கின்றாள். அப்பழி அநியாயமானது, அந்த மௌனவிரதமும் வேண்டாதது என்பதே எமது கருத்து.

குழந்தை நிசப்தத்தில் வளர்ந்து வந்ததன்று. கருவிலே ஆறாம் ஏழாம் மாதங்களில் அதன் செவி ஓசையை உணரத் தொடங்கிவிடுகின்றது. தாயின் இதயத் துடிப்பையும் குருதியோட்டத்தின் இரைச்சலையும் அவள் குரலையும் இரவுபகலாகக் கேட்டுப் பழகிய செவி அது. ஆதலின் தாழ்ந்து சீராக ஒலிக்கும் ஓசை அதற்குப் பகையன்று. தாலாட்டின் இரகசியமும் இதுதான். மாமன் கொண்டுவரும் சீர்வரிசையைப் பற்றிக் குழந்தைக்கு என்ன தெரியும்? ஒரே நடையில் திரும்பத் திரும்ப வரும் குரலும் ஏணையின் அசைவுமே அதனை ஆற்றுகின்றன. கடற்கரைக் குடிசையிலே அலையோசையின் நடுவே பிள்ளைகள் உறங்கவில்லையா? குழந்தையைத் திடுக்கிடச் செய்வது திடீரென எழும் ஓசையே. கதவொன்று அறைந்து சாத்தப்பட்டால், முதற் சில மாதங்களில் அது இரு கைகளையும் விரித்துத் துடிப்பதைக் காணலாம். வீடு முழுவதும் ஊமையாகிவிட்டாலோ சிறு கரண்டி விழும் ஒலியும் இடியாகிவிடும்.

இந்நாளில் இரைச்சல் எழுப்பியே உறங்கவைக்கும் கருவிகளும் விற்பனைக்கு வந்துள்ளன. 2014 இல் கனடாவிலே 14 கருவிகளை ஆராய்ந்தபோது, 30 சென்ரிமீற்றர் தொலைவில் அவை யாவும் 50 டெசிபெலைத் தாண்டின. மூன்று கருவிகள் 85 டெசிபெலையும் கடந்தன. தாயின் தாலாட்டை விட்டு இதற்குக் காசு கொடுப்பானேன்?

இன்னொரு பிழையையும் சொல்லவேண்டும். பச்சிளங் குழந்தையின் நித்திரையில் ஏறக்குறைய பாதி அமைதியற்றது. அப்போது அது முகஞ்சுளிக்கும், முனகும், கைகால்களை அசைக்கும், ஆனால் விழித்ததாகாது. ஆச்சிமார் உடனே வாரியெடுத்து உண்மையாகவே எழுப்பிவிடுகின்றனர். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அது தானே அடங்குவதும் உண்டு. அடங்காவிட்டால் காரணம் பெரும்பாலும் உடம்பில் இருக்கும்: பசி, ஈரத்துணி, பால் குடித்தபின் வெளிவராத ஏப்பம், ஒற்றை நுளம்பு. தகரக் கூரையின் கீழே, பங்குனி சித்திரை வெக்கையில், தொப்பியும் காலுறையும் அணிவித்துப் போர்த்தி வைத்தால் வேர்க்குருவோடு எந்தப் பிள்ளை உறங்கும்? மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும்.

ஏணையைப் பற்றியும் ஒரு சொல். அதன்மீது எமக்குள்ள பற்று பெரிது. ஆயினும் ஆழமாகத் தொங்கும் சேலையில் குழந்தையின் நாடி நெஞ்சிலே அழுந்தினால் மூச்சுத் தடைப்படும். பகலில் கண்பார்வைக்குள் வைத்துச் சற்று ஆட்டலாம். இரவில் தலையணையற்ற, தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே தக்கது.

வீட்டு ஓசைக்கு இத்தனை அஞ்சும் நம்மவர், வீதி ஓசையைப் பற்றி வாய் திறப்பதில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாதென, விசேட தருணங்களுக்குச் சில விலக்குகளுடன், இந்நாட்டு உயர் நீதிமன்றம் 2007 இல் பணித்தது. எமது அயலிலே ஒரு திருவிழாக் காலத்தில் நள்ளிரவு கடந்தும் கூம்பு ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. இடையிடையே வெடியும் வெடித்தது. பிறந்து நாற்பது நாளே ஆன பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு ஓர் இளந்தாய் அறைக்கும் விறாந்தைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மறுநாட் காலை அவளிடம் "இரவெல்லாம் பிள்ளை ஏன் அழுதது?" என்று கேட்டவர்களுள் ஒருவர், அவ்வொலிபெருக்கிக்குப் பணம் கொடுத்த உபயகாரர்.