பல்லாவரத்து அலமாரி

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி முடிந்து, சைதாப்பேட்டையில் தாம்பரம் வண்டி ஏறுகிறவர்களின் பைகள் கனக்கின்றன. விருது வாங்கியது, நண்பர் சொன்னது, பத்து சதவீதக் கழிவில் கிடைத்தது என்று எல்லாம் அவற்றில் இருக்கும். பாதிப் புத்தகங்கள் அடுத்த ஜனவரி வரை பிரிக்கப்படாமலே கிடக்கும். வாங்கப் பணமும் இருக்கிறது, புத்தகமும் குவிந்திருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்பதில்தான் தெளிவில்லை.

இதே ரயில் தடத்தில், பல்லாவரத்தில், அந்தத் தெளிவோடு ஒருவர் வாழ்ந்தார். நாகப்பட்டினத்தில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்ற மறைமலையடிகள், சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பணியை விட்டு 1911இல் பல்லாவரத்தில் குடியேறினார். மாதச் சம்பளம் நின்றது; நூல் வாங்குவது நிற்கவில்லை. தமிழ், வடமொழி, ஆங்கிலம் என ஏறத்தாழ 4000 நூல்கள் சேர்ந்தன.

தனித்தமிழ் இயக்கத்தின் முதல்வர் என்பதால் அவர் சங்க நூல்களை மட்டுமே படித்திருப்பார் என்று எண்ணத் தோன்றும். ஆனால், இங்கிலாந்தின் ரெயினால்ட்ஸ் எழுதிய நாவலைத் தழுவி ‘குமுதவல்லி’யை எழுதியவரும் அவரே. காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கினார். மாணிக்கவாசகரின் காலத்தை ஆராய்ந்தார். உடல்நலம், மனித வசியம், மரணத்துக்குப் பின் மனிதர் நிலை என்று எங்கெங்கோ போனார். ஒவ்வொரு தேடலும் ஒரு நூலில் போய் முடிந்தது. எழுத வேண்டியதும் அறிய வேண்டியதும் முன்னால் நின்றதால், அடுத்து எதைப் படிப்பது என்று அவர் வெளியே கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்று அப்படி வாங்கிச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியும் குறைவு. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல்தான். இரண்டே ஆண்டில் அவர் காலமானார். அவர் நூல்கள் தமிழ்ப் பொதுமக்களுக்கென்றே விடப்பட்டன. 1958இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அவற்றைக் கொண்டு லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகத்தைத் திறந்தது. ஒருவர் தன் தேவைக்காகத் தேர்ந்தெடுத்த நூல்கள், பின்வந்த ஆய்வாளர்கள் பலருக்குக் கருவியாயின.

இன்று பல்லாவரமும் சேர்ந்த தாம்பரம் மாநகராட்சியில் வீடு வைத்திருப்பவர்கள், சொத்துவரி 100 ரூபாய்க்கு 10 ரூபாய் வீதம் நூலக வரி கட்டுகிறார்கள். ஒருமுறை படித்தால் போதும் என்கிற நூலுக்கு அந்தப் பணம் ஏற்கெனவே போய்விட்டது. அதைக் கிளை நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிவைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் எழுதி, வாதாடி, பத்தாண்டு கழித்தும் புரட்டப்போகிற நூலை மட்டும் சொந்தக் காசில் வாங்குங்கள். நூலக நூலில் பென்சில் வைக்கக் கூடாது.