கைக்கு ஓய்வு வேண்டும், கவனத்திற்கு வேண்டாம்!

திருநகர் வழியே கன்னியாகுமரி நோக்கி ஏறத்தாழ 240 கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் செல்வோர், கோவில்பட்டியை எட்டுமுன்பே வலக்கையை உதறத் தொடங்குவர். காரணம் எளிது. ஆக்ஸிலேட்டரைத் திருகும் கையைச் சுருள்வில் ஒன்று ஓயாமல் எதிர்த்து இழுக்கிறது.

இதற்கென இருவகைத் துணைக்கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒன்று, கைப்பிடியில் மாட்டும் தகடு. உள்ளங்கையால் அழுத்தினால் போதும், விரல்கள் தளரும். கையை எடுத்தால் வேகம் தணியும். மற்றொன்று, முறுக்கிய நிலையிலேயே கைப்பிடியை நிறுத்திவைக்கும் பூட்டு. கையை எடுத்தாலும் வண்டி ஓடும்!

முன்னதை ஏற்கலாம், ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் தகட்டை விலக்கிவிட வேண்டும். பின்னது கூடவே கூடாது என்பேன். ஆடு, மாடு குறுக்கிடும் நம் சாலைகளில் அந்தச் சுருள்வில்லே உயிர்க்காவலன். தோழர்களே, வழியில் நிறுத்தி ஒரு குவளைத் தேநீர் அருந்துவதைவிடச் சிறந்த மருந்து ஏது?